ஒரு பக்க பயோடேட்டா

பழவேற்காடு
2.6.2025

ஜமுனாவுக்கு,

போன் பண்ணாதே என்று சொல்லிவிட்டுப் போனாய். ஏழு மாதமாகப் பண்ணவில்லை. எழுதாதே என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இதுவும் தப்பு என்றால் திட்டி ஒரு வரி போடு, அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பம்ப்பும் டீசல் எஞ்சினும் பார்க்க ஆள் எடுக்கிறார்களாம். நம்ம கூட்டாளி மனோஜ்தான் வந்து சொன்னான். ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் படித்தவன் வேண்டுமாம். என் சர்டிபிகேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கரையான் தின்னவில்லை, உப்புக் காற்றில் ஓரம் மட்டும் பழுத்திருக்கிறது. ஜூன் இருபத்தெட்டுக்குள் பயோடேட்டா கொடுக்க வேண்டும். நீ உன் நைனா வீட்டில் சும்மா இல்லை, எளாவூர் விஜயராகவன் அண்ணன் ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா டைப் அடிக்கிறாய் என்று என் தங்கை ஐஸ்வர்யா சொன்னாள்.

பழவேற்காட்டில் டைப் அடிக்கிற கடையே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவனிடம் போய் என்னைப் பற்றி அடி என்று எப்படிச் சொல்வது?

முன்னும் பின்னுமாக நாலு தாள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றையும் விடவில்லை. படிப்பு, கல்யாணத்துக்கு முன்னால் பட்டறையில் இருந்த ஒரு வருஷம், கபடியில் வாங்கிய கப், தமிழும் தெலுங்கும் பேசுவேன் என்பது, நீச்சல், வெள்ளத்தின்போது தோணிரேவு ஜனங்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்ததற்குத் தாசில்தார் ஆபீசில் கொடுத்த பேப்பர். எஞ்சின் சத்தத்தைக் கரையிலிருந்தே கேட்டு எது கெட்டிருக்கிறது என்று சொல்வேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். சிரிக்காதே, உனக்கே தெரியும். அனுபவம் என்ற இடத்தில், பாடு இரண்டு வருஷம் நாலு மாதம் என்று போட்டிருக்கிறேன். பயோடேட்டா எத்தனை பக்கம் இருக்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

மனோஜ் தன் பழைய பயோடேட்டாவை மாதிரிக்குக் கொடுத்தான். அதில் கடைசியில் திருமணம் ஆனவரா, குழந்தைகள் எத்தனை என்று இருக்கிறது. முதல் கேள்விக்கு ஆனவர் என்று எழுதினேன். அடுத்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்த இடத்தில் என்னால் எழுத முடியவில்லை. நீயே போடு.

கேசவன்


எளாவூர்
9.6.2025

கேசவன் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் நான்கு தாள்களும் கிடைத்தன.

பயோடேட்டா ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். பெரிய உத்தியோகம் பத்துப் பதினைந்து வருஷம் பார்த்தவர்களுக்கு இரண்டு பக்கம் போகலாம். நீங்கள் எழுதியிருப்பது எட்டுப் பக்கம். மேஜையில் இருநூறு பயோடேட்டா கிடக்கும், ஒன்றுக்கு அரை நிமிஷம் ஒதுக்கினாலே பெரிசு, முதல் பாதியில் வேண்டியது கண்ணில் படவில்லை என்றால் அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள் என்று விஜயராகவன் அண்ணன் சொல்வார். இங்கே வருகிற எல்லாருக்கும் நான் அதையே சொல்கிறேன்.

ஆகவே உயரம், எடை, கபடிக் கப், நீச்சல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பம்ப் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு நீச்சல் எதற்கு? எஞ்சின் சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்வதை, பழுது கண்டறியும் திறன் என்று இரண்டே வார்த்தையில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். வெள்ளத்துக்குக் கொடுத்த பேப்பர் ஒரு வரி இருக்கிறது.

பாடு என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இது இன்னா கம்பெனிம்மா, எங்க கீது?"னு அண்ணன் கேட்டார். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் எந்தக் குடும்பம் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைப்பதுதான் பாடு, அது கம்பெனி இல்லை என்று சொன்னேன். ஆனால் 2018இலிருந்து கணக்குப் பார்த்தால் ஏழு வருஷம் வருகிறது. இரண்டு வருஷம் நாலு மாதம் எப்படி வந்தது? விளக்கம் எழுதவும்.

இன்னொன்று. மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஊரில் பாடு கிடையாது. அதைச் சொல்லிவிட்டீர்களா? ஒரே ஒரு நாள் விட மனசு வராத பாட்டை ஒரேயடியாக எப்படி விடப்போகிறீர்கள் என்று தெரியவில்லை. விடுவதாக இருந்தால் போன ஐப்பசியிலேயே விட்டிருக்கலாம்.

குழந்தைகள் என்ற வரியை நீக்கிவிட்டேன். கம்பெனிக்குத் தேவையில்லாத விவரம்.

ஜமுனா


பழவேற்காடு
14.6.2025

ஜமுனாவுக்கு,

அவர்களுக்கு, நீங்கள், உங்கள். அம்மாடி! மாமா, யோவ் மாமா என்று ஏரிக்கரையிலிருந்து கத்திக் கூப்பிட்ட வாயா இது? உன் கடிதத்தைப் படிக்கும்போது ஏதோ பேங்கிலிருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது. திட்டினால்கூடத் தாங்குவேன், இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம். கபடிக் கப் போனால் போகிறது.

நீ கேட்ட விளக்கம் இது. நமக்கு முறை வருவது மூன்று நாளைக்கு ஒரு தடவை. ஏழு வருஷத்தில் முறை வந்த நாட்களை மட்டும் கூட்டினேன், இரண்டு வருஷம் நாலு மாதம் வந்தது. மீதி நாட்களில் கிழிந்த வலை பொத்தினேன், அக்கம்பக்கத்துப் படகுகளுக்கு எஞ்சின் பார்த்தேன், ஷாலினியைத் தோளில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் நண்டு வேடிக்கை காட்டினேன். அதையெல்லாம் அனுபவம் என்று எழுதினால் பொய்யாகிவிடாதா? கடைசியில் மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்து வேறு போடச் சொல்கிறார்களே.

ஊரில் சொல்லிவிட்டேன். பாடு முறை எழுதுகிற நோட்டை வைத்திருக்கும் சிவசங்கர் பெரியப்பா வீட்டுக்குப் போய்த்தான் சொன்னேன். மனுஷன் நோட்டை எடுத்து என் பேர் இருந்த பக்கத்தைத் திருப்பினார். அப்புறம், "நீ தாலி கட்டின மறுநாள் உன் பேரை நான்தாண்டா எழுதினேன். ஆடி ஒண்ணாந்தேதி கூட்டத்துல அடிச்சிடுறேன். அடிச்சா அடிச்சதுதான், மறுபடி வந்து நிக்காதே. இன்னாத்துக்குடா இதெல்லாம், ஜமுனா வந்துட்டாளா?"னு கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்னாத்துக்கு என்று உனக்கும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் மார்பளவு தண்ணீரில் வலைக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தேன். போன் நனையாமல் இருக்கட்டும் என்று டிபன் டப்பாவுக்குள் போட்டு மூடி படகின் மூக்கில் வைத்திருந்தேன். பதினோரு தடவை அடித்திருக்கிறாய். நான் டப்பாவைத் திறந்து பார்த்தபோது நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி போயிருந்தாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனி வேலை என்றால் போன் சட்டைப் பையிலேயே இருக்கும் ஜமுனா. நான் இந்த வேலைக்குப் போக நினைப்பது அதற்காகத்தான். தப்பு என்னுடையது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று. அந்தக் குழந்தைகள் வரியை மட்டும் திரும்பச் சேர்த்துவிடு. வரியே இல்லை என்றால் அவள் நம்ம வீட்டுக்கு வரவே இல்லை என்பது மாதிரி இருக்கிறது.

கேசவன்


எளாவூர்
20.6.2025

கேசவன் அவர்களுக்கு,

பயோடேட்டா இத்துடன் இருக்கிறது. மூன்று பிரதி. மடிக்காமல் கொண்டுபோகவும். மீன்பிடித் தொழில், 2018 முதல் 2025 வரை என்று போட்டிருக்கிறேன். முறை வந்த நாளை மட்டும் கூட்டி அனுபவம் எழுதுகிற ஆளை இந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. அண்ணன் கேட்டுவிட்டு, "உன் வூட்டுக்காரு இன்னாம்மா இப்படி கீறாரு?"னு தலையில் கை வைத்துக்கொண்டார். வலை பொத்தினதும் எஞ்சின் பார்த்ததும் வேலைதான். அது பொய் ஆகாது.

அந்த வரியைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் என்ன எண் போடுவது? நீங்களே சொல்லுங்கள். ஒன்று என்று போட்டால் இன்டர்வியூவில் என்ன படிக்கிறது என்று கேட்பார்கள், பதில் சொல்வீர்களா? சைபர் என்று போடவா? இந்தக் கையால் அதை அடிக்க மாட்டேன். செக்போஸ்ட் லாரிக்காரர்கள் வருகிறார்கள், பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள் வருகிறார்கள், எல்லாருக்கும் குழந்தைகள் இரண்டு, குழந்தைகள் ஒன்று என்று நாளெல்லாம் அடிக்கிறேன். உன் தாளில் மட்டும் அந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து கடைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். அரை மணி நேரம் கழித்து வந்துதான் அந்த வரியை எடுத்தேன். அவளை மறைக்க இல்லை, போதுமா? என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் எல்லாரிடமும் தப்பு என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிவதாக ஐஸ்வர்யாவும் சொன்னாள். கேட்டதும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். அப்புறம் சோறு இறங்கவில்லை.

வெள்ளைச் சட்டை வேண்டாம், நீலச் சட்டை போட்டுக்கொண்டு போகவும்.

ஜமுனா


பழவேற்காடு
5.7.2025

ஜமுனாவுக்கு,

நீலச் சட்டைதான் போட்டுக்கொண்டு போனேன். இடையில் ஒரு இடத்தில் உன் என்று எழுதியிருந்தாய், கவனித்தாயா? அந்த ஒரு வார்த்தைக்காகவே கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன்.

இரண்டாம் தேதி இன்டர்வியூ நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஜயராகவன் அண்ணன் சொன்னது சரிதான், அரை நிமிஷத்துக்கு மேல் ஒருத்தரும் தாளைப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு பழைய பம்ப்பை ஓட விட்டு இதில் என்ன கோளாறு என்று கேட்டார்கள். கிட்டே போகாமலேயே பேரிங் என்று சொன்னேன். கழற்றிப் பார்த்தார்கள், பேரிங்தான். நடுவில் உட்கார்ந்திருந்த கங்காதரன் சார் சிரித்துவிட்டார்.

வெளியே வரும்போது அவர்தான் சும்மா பேச்சுக்குக் கேட்டார். "கல்யாணம் ஆயிடுச்சாப்பா? பசங்க?" உன் தாளில் அந்த வரி இல்லை, ஆனாலும் கேட்டுவிட்டார்கள் பார். ஒன்று என்று சொன்னேன். "இன்னா படிக்குது?" ஷாலினி இருந்தால் இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்திருப்போம். எல்.கே.ஜி. சேர்க்கிற வயசு சார் என்று சொன்னேன். நல்ல ஸ்கூலாப் பாத்து சேத்துடுப்பா என்றார். சரிங்க சார் என்றேன். கேட் வரைக்கும் வந்துதான் அழுதேன், உள்ளே அழவில்லை. நான் சொன்னது பொய்யா ஜமுனா? எனக்குத் தெரியவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் பாரம் கொடுக்க வேண்டுமாம். குடும்பத்தில் யார் யார், பிறந்த தேதி என்ன, உடன் வசிக்கிறாரா, இல்லை என்றால் எங்கே இருக்கிறார் என்று கட்டம் போட்டிருக்கிறது. தப்பாகிவிட்டால் இருக்கட்டும் என்று இரண்டு பிரதி வாங்கி வந்தேன். உன் போட்டோவும் கையெழுத்தும் வேண்டும். கட்டங்களை நீ எப்படி நிரப்பினாலும் எனக்குச் சம்மதம்.

கேசவன்


எளாவூர்
12.7.2025

மாமா,

நீ எழுதின நாலு தாளையும் நான் தூக்கிப் போடவில்லை. நேற்று மறுபடி எடுத்து முதலிலிருந்து படித்தேன். அதற்கு அப்புறம் நீ போட்ட கடிதங்களையும் படித்தேன். கபடிக் கப் இருக்கிறது, நீச்சல் இருக்கிறது, ரத்த வகைகூட இருக்கிறது. அன்றைக்குக் காலையில் நடந்தது மட்டும் எங்கேயும் இல்லை.

பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, இன்றைக்கு மனோஜைப் போகச் சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்று நீ சொன்னாய். வலையைக்கூடத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டாய். நான்தான், "பாடு வந்த நாள்ல வூட்டுல குந்திக்கினு இன்னா பண்ணப்போறே? ஜுரம்தானே, நான் பாத்துக்கிறேன், நீ போ"னு சொன்னேன். உன் கையில் டிபன் டப்பாவைக் கொடுத்ததும் நான்தான். நீ வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய். அப்போதும் போ என்றேன்.

அதை நீ ஒருத்தரிடமும் சொல்லவில்லை. காரியத்தன்று என் நைனா எல்லார் முன்னாலும் உன் சட்டையைப் பிடித்து, "உனக்குப் பாடு பெருசா, பொண்ணு பெருசாடா?"னு உலுக்கினாரே, அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நானும் திறக்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தால் என்னைக் கேட்க யாரும் இல்லை என்று இத்தனை மாதம் ஓட்டிவிட்டேன். பாவி நான், மாமா. உன் முகத்தைப் பார்க்க பயந்துதான் போன் பண்ணாதே என்றேன்.

நேற்று நைனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், சாயங்காலம் வந்து, "மாப்ளையாண்ட எப்படிம்மா மூஞ்சி காட்டறது?"னு கேட்டார்.

நீ கங்காதரன் சாரிடம் சொன்னது பொய் இல்லை. அந்த வயசுதான் அவளுக்கு.

பாரம் இரண்டையும் எழுதியிருக்கிறேன். கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதில் என் பெயர் மட்டும் இருக்கிறது, கையெழுத்தும் போட்டோவும் இருக்கிறது. இன்னொன்று நமக்கு. அதில் ஷாலினி, மகள், பிறந்தது 11.2.2021 என்று எழுதினேன். உடன் வசிக்கிறாரா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். எங்கே என்று கேட்டிருந்த கட்டத்தில், சவுக்குத் தோப்பு, முகத்துவாரம் போகிற வழி என்று எழுதினேன். அதைக் கம்பெனியில் கொடுத்துவிடாதே.

கம்பெனி பாரத்தில் என் பெயருக்கு நேரே, உடன் வசிக்கிறாரா என்ற கட்டத்தை விட்டுவிட்டேன். ஆம் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. நீயே போடு.

ஜமுனா


பழவேற்காடு
3.8.2025

ஜமுனா,

நீ எழுதினதைப் படித்துவிட்டு மூன்று வாரம் பதில் எழுத முடியவில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. போ என்று நீ சொன்னாய்தான். ஆனால் நடந்தது என் காலால்தானே? சாதாரண ஜுரம் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அதைப் போய் யாரிடம் சொல்வது, சொல்லி என்ன ஆகப்போகிறது? பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டு ஊர் பேச்சையும் நீ கேட்க வேண்டுமா? ஒருத்தர் கேட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். நைனாவிடம் ஏன் சொன்னாய்? வயசானவரை வருத்தப்பட வைத்துவிட்டாயே. மூஞ்சி காட்டுவதற்கு என்ன, எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்.

ஆடி ஒன்றாம் தேதி கூட்டத்தில் என் பெயரை அடித்தார்கள். சிவசங்கர் பெரியப்பா ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டார். அடுத்த பெயரைப் படித்தார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று முன்தினம் வேலையில் சேர்ந்தேன். ஜமுனா, இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாதாம். கேட்டிலேயே வாங்கி நம்பர் போட்ட பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். ஷிப்ட் முடிந்துதான் கொடுப்பார்கள். எல்லாருக்கும் அதே சட்டம்தானாம். பாரம் கொடுத்தாயிற்று, பாடு போயாயிற்று, இதை ஒருத்தர்கூட முன்னாலேயே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை என்று எல்லாரும் கேட்டார்கள், நான் கேட்க வேண்டிய ஒன்றே ஒன்றைக் கேட்காமல் வந்துவிட்டேன். பெட்டி பூட்டுகிற சத்தம் கேட்டதும் டிபன் டப்பாவை மூடின சத்தம்தான் ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள்.

சாயங்காலம் கங்காதரன் சாரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். எல்.கே.ஜி. சேர்க்கவில்லை சார் என்பதையும் சொன்னேன். அவர் கேட் செக்யூரிட்டி மேஜை நம்பரை எழுதிக் கொடுத்தார். வீட்டிலிருந்து அடித்து என் பெயரும் பம்ப் ஹவுஸ் என்றும் சொன்னால் உடனே ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்களாம். நம்பர் இந்தத் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். பம்ப் ஹவுஸிலிருந்து கேட்டுக்கு ஓடிப் பார்த்தேன், நாலு நிமிஷம் ஆகிறது.

நீ விட்ட கட்டத்தில் இல்லை என்று எழுதி, எளாவூர் என்று போட்டேன். மனசு கஷ்டப்படாதே. இல்லாததை ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று கிளார்க் சொன்னார். இன்னொரு தாள் சர்டிபிகேட் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

கேசவன்


எளாவூர்
8.8.2025

மாமா,

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தக் கேட் நம்பருக்கு அடிப்பேன். அவசரம் ஒன்றும் இல்லை, இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம், பயந்துவிடாதே. ஓடி வந்து விழுந்துவிடாதே, மெதுவாக வா.

வந்து ஒன்றும் பேச வேண்டாம். நான் அடித்தால் நீ வந்து எடுக்கிறாயா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். நாலு நிமிஷம் என்ன, நாற்பது நிமிஷம் ஆனாலும் நான் வைக்க மாட்டேன்.

ஜமுனா